சூசை பெயரில் முதல் உபகாரச் சம்பளம்

திண்டுக்கல்,
22-8-1963.

அன்பு மகள் அமலராணிக்கு அப்பா மிக்கேல்ராஜ் எழுதுவது. சர்வேசுரன் கிருபையில் நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், ஜாம்ஷெட்பூரில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அதே சுகத்தோடு இருக்க வேண்டும் என்று தினம் பூசையில் கேட்டுக்கொள்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, மழைதான் இன்னும் இறங்கவில்லை, அகரத்தில் உன் சித்தப்பா கத்திரி நட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உன் அண்ணன் சூசை, எரியோட்டுப் பக்கம் காலரா பரவியதைப் பத்திரிகைக்கு எழுதப் போய் அதே நோயில் நம்மை விட்டுப் போனானல்லவா, அவனுடைய சிநேகிதர்கள் கூடி, பத்திரிகைத் தொழிலுக்கு வர ஆசைப்படும் கல்லூரிப் பிள்ளை ஒருவருக்கு வருஷா வருஷம் அவன் பெயரில் உபகாரச் சம்பளம் கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அதற்குத்தான் கூட்டம், வக்கீல் உடையப்பன் தலைமை. வந்திருந்த பிள்ளைகளை ஊருக்குள் அனுப்பி, கண்ணில் பட்டதைச் செய்தியாக எழுதி மத்தியானத்துக்குள் கொண்டுவரச் சொன்னார்கள். பையன்கள் மலைக்கோட்டை, பூ மார்க்கெட் என்று எழுதி வந்தார்கள். மதுரையில் பி.ஏ. படிக்கும் பேகம்பூர்ப் பெண் குர்ஷித் பேகம் மட்டும் குழாயடிக்குப் போயிருந்தாள். தண்ணீருக்குக் காத்து நிற்கும் பெண்கள் தங்களுக்குள் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்களாம், பிள்ளைத்தாச்சி வந்தால் வரிசை கிடையாது, முதல் குடம் அவளுக்குத்தான், எவ்வளவு சண்டை நடந்தாலும் அதை மட்டும் ஒருத்தியும் மீற மாட்டாளாம். அவள் வாசித்தபோது எனக்குச் சூசை நினைவுதான். அவன் எழுதியதை நான் திருத்தப் போனால், வாத்தியார் தமிழ் வேணாம்ப்பா, நடந்தது மட்டும் இருக்கட்டும் என்று சிரித்துக்கொண்டே பிடுங்கிக்கொள்வான், நீயும் அவன் கட்சியில் சேர்ந்து என்னைக் கேலி செய்வாய். பிறகு செய்தியை உறையில் போட்டு ஒட்டிக்கொண்டு, சாயங்கால ரயிலில் பத்திரிகைக்கு அனுப்பச் சைக்கிளில் பறப்பான், அம்மா ஆற்றி வைத்த காப்பி அப்படியே இருக்கும். அந்தச் சாயங்காலங்களெல்லாம் எங்கே போயின ராணி.

எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது என்று வக்கீலும் ஒப்புக்கொண்டார். ஆனால், பொம்பளப் பிள்ளை நாளைக்குக் கல்யாணமாகிப் போயிரும், அப்படியே இருந்தாலும் கோர்ட்டு, போலீசு, கலவரம்னு சூசை மாதிரி சுத்த முடியுமா, வேற ஆளப் பாப்போம் என்று சொல்லிவிட்டார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அந்தப் பெண் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தன் காகிதத்தை மடிக்கத் தொடங்கினாள்.

பரிசைக் கொடுப்பதற்காக ஓரத்தில் உட்கார வைத்திருந்த உன் அம்மா அப்போது எழுந்துவிட்டாள், கோயிலில் ஜெபம் சொன்னால்கூடப் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காதே அவள் குரல். வக்கீலய்யா, எம்மகன் அம்புட்டு இடமும் சுத்துனான், மெய்தான், ஆனா குழாயடிக்கு அவன் போனா பொம்பளைங்க வாயத் தெறக்க மாட்டாக, அங்கிட்டு என்ன பேசிக்கிட்டாகன்னு வீட்டுக்கு வந்து என்னையத்தான் கேப்பான், இந்தப் பிள்ள தானே போயிக் கேட்டுட்டு வந்திருக்கு, அவன் இருந்தா இதுக்குத்தான் குடுத்திருப்பான் என்றாள். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு, நீங்களே உங்க கையால குடுங்க தாயி என்றார். உபகாரச் சம்பளத்தைக் கொடுத்த பிறகும் அம்மா அந்தப் பெண்ணின் கையை விடவில்லை, இரண்டு பேரும் அழுதார்கள்.

கூட்டத்துக்கு வந்திருந்த மதுரைப் பத்திரிகைக்காரர் அந்தக் குழாயடிச் செய்தியைக் கையோடு வாங்கிப் போனார், நேற்று அச்சில் வந்துவிட்டது. சூசை போனதும் அம்மா பேப்பரை நிறுத்தச் சொன்னது உனக்குத் தெரியும், அதற்குப் பிறகு நேற்றுத்தான் பஸ் ஸ்டாண்டில் ஒன்று வாங்கி வந்து படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் அடுப்படிக்குப் போய்விட்டாள். செத்த நேரம் கழித்து அங்கிருந்தே, நாளைக்கும் வாங்கிட்டு வாங்க என்றாள்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். குளிர் தொடங்கும் முன்னே பேரனுக்குக் கம்பளிச் சட்டை எடுத்துவிடு. உன் கல்யாணத்தில் சூசை சிரித்தபடி நிற்கும் படத்தை மறக்காமல் அனுப்பி வை, அடுத்த கூட்டத்தில் மாட்ட வேண்டுமாம். தேவமாதா உங்கள் வாசலில் காவல் நிற்கட்டும்.

உங்கள் நலம் ஒன்றே வேண்டும்,
அப்பா
சூ. மிக்கேல்ராஜ்