சொன்ன விதம்

மார்ச் 4, செவ்வாய்

சலவை ஆலையில் இன்று கத்திவிட்டேன்.

விரிப்புகளைத் தேய்க்கும் சூட்டு உருளையில் ஒரு பெண்ணின் சட்டைக் கை மாட்டிக்கொண்டது. அவசர பட்டனை அழுத்தினாள், மெஷின் நிற்கவில்லை. நான் ஓடிப்போய் மெயினை அணைப்பதற்குள் முழங்கை வரை வெந்துவிட்டது. அந்த பட்டன் வேலை செய்யவில்லை என்று, ஷிஃப்ட் சூப்பர்வைசர் என்கிற முறையில், மூன்று தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பணிவாக.

மேனேஜர் வந்தார். "சரி சரி, எல்லாரும் வேலையப் பாருங்க."

"எதப் பாக்கறது? வெந்த கையையா?" — என் குரல்தானா அது? வாசல் காவலாளிக்கே கேட்டதாம்.

மார்ச் 5

அவள் கை எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. என் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

மார்ச் 6

ஆலை டாக்டரிடம் அனுப்பினார்கள். என்னைத்தான். "நல்லாத் தூக்கம் வருதாம்மா? மாதவிடாய் நின்னுடுச்சா?" ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

போன மாதம் மெக்கானிக் ஸ்பேனரைச் சுவரில் விட்டெறிந்தார். "பாவம், வேலைப்பளு" என்று டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்காரர் சொன்னது: "நீ சொன்னது நூத்துக்கு நூறு சரி. சொன்ன விதம்தான்..."

நல்ல விதமா மூணு தடவ சொன்னேனே, அப்ப எங்க போனீங்க எல்லாரும்? இதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். ஏன்?

மார்ச் 10

மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். நடந்ததை நேரத்தோடு எழுதி, பழைய மூன்று கடிதங்களின் நகலையும் சேர்த்துக் கொடுத்தேன். மேனேஜர் இரண்டு முறை படித்தார்.

"இதுல மன்னிப்பு எங்கம்மா இருக்கு?"

"நானும் தேடிப் பாத்தேன் சார்."

மார்ச் 12

பட்டனை மாற்றிவிட்டார்கள். என்னையும். மடிப்புப் பிரிவுக்கு.

ஏப்ரல் 2

அவளுக்குக் கட்டு பிரித்தாயிற்று. இரண்டு விரல் மடங்கவில்லை. 'என் கவனக்குறைவால் நேர்ந்தது' என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்களாம். "அக்கா, எனக்காக இன்னொரு தடவ கத்துங்களேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. "கூட வர்றேன். நீ பேசு" என்றேன்.

ஏப்ரல் 3

மேனேஜரிடம் போனோம். முதல் தடவை அவள் சொன்னது அவர் காதில் விழவில்லை. "கையெழுத்துப் போட மாட்டேன்" என்று இரண்டாம் தடவை சொன்னபோது வெளியே மெஷின்களை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அதன்பின் அவள் நிறுத்தவே இல்லை.

மேனேஜர் என்னைப் பார்த்தார், அவளைக் கொஞ்சம் அடக்கு என்பதுபோல. நான் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.