பெக்கோமில் நிற்காமல் போன ரயில்

லட்பிரிட்ஜ்,
டெவன்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ரசலுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்காலையும் உன்னையும் தவிர எனக்கு இங்கே குறை ஒன்றும் இல்லை. நீயும் மரீசும் அந்த வான்கூவர் மழையில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா? பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய ரயில் சீட்டும் பப் அட்டையும் வந்தன. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி ஒரு பப்பில் குடித்து முத்திரை வாங்கினால் கடைசியில் ஒரு பனியன் தருவார்களாம், எழுபத்து நான்கு வயதில் எனக்கு அதுதான் குறைச்சல். ஆனால் காசு கொடுத்து வாங்கியதை வீணாக்குகிற வழக்கம் எனக்குக் கிடையாது, அதனால் நேற்றுக் கிளம்பினேன். வானம் தெளிவாக இருந்தது, ஆற்றோரம் முழுக்க மஞ்சள் பூ. பெரிய பாலம் செங்கல்லால் கட்டியது என்று அட்டையில் போட்டிருக்கிறது, அது கருங்கல், நூலகத்தில் உட்கார்ந்து நானே படித்திருக்கிறேன். கண்டக்டரிடம் சொன்னேன். "சரிங்கம்மா, அடுத்த தடவ எறங்கித் தட்டிப் பாத்துடறேன்" என்றான். இப்போதெல்லாம் பேச்சு அப்படித்தான்.

முதல் முத்திரை ஆலை ஸ்டேஷனில். தண்ணீர்ச் சக்கரம் இப்போது மறுபடியும் சுற்றுகிறது, உள்ளே மாவு விற்கிறார்கள், வாங்காதே, கல் இருக்கிறது. அங்கே பப்பில் ஊற்றிக் கொடுக்கிற பெரில் என் அட்டையைப் பார்த்துவிட்டு, "அட, ஒங்க தங்கச்சியும் இதே அட்டையோட இப்பத்தான் வந்துட்டுப் போறாங்க. அக்காவும் தங்கச்சியும் ராசியாயிட்டீங்களா?" என்று கேட்டாள். அப்போதுதான் உன் வேலை எனக்குப் புரிந்தது. ஒரே நாளுக்கு எனக்கும் ஆலிவ் சித்திக்கும் சீட்டு வாங்கி அனுப்பியிருக்கிறாய். உனக்கும் மரீசுக்கும் நடக்கப்போகிற கல்யாணத்துக்கு அவள் வந்தால் நான் வரமாட்டேன் என்று தெளிவாகத்தானே சொல்லியிருந்தேன். உருண்டை உருட்டிக் கட்டை சாய்க்கிற நம் ஸ்கிட்டில்ஸ் அணியை விட்டுப் பெக்கோமில் 'நரியும் வாத்தும்' பப்பின் அணிக்குப் போய், அந்த வருஷமே இறுதி ஆட்டத்தில் நம்மைத் தோற்கடித்தவள் அவள். கணவனை விட்டுப் போனவளைக்கூட இந்த ஊர் மன்னித்திருக்கிறது, அணியை விட்டுப் போனவளை மன்னித்ததில்லை.

பெக்கோமில் இறங்கினேன், ஆனால் அந்தப் பப்புக்குள் கால் வைக்கவில்லை. ஜன்னல் வழியாக அட்டையை நீட்டி முத்திரை கேட்டேன். கடைக்காரன், "உள்ள வந்து குடிச்சாத்தான் முத்திரை, மேவிஸம்மா. ஜன்னல்ல குத்திக் குடுக்க இது தபாலாபீஸ் இல்ல" என்றான். வேண்டாம் என்று ஸ்டேஷனுக்குத் திரும்பிவிட்டேன். மேடையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். நான் மறு முனைக்குப் போய் நின்றேன். பெக்கோமில் மேடையில் இருப்பவர் கை காட்டினால்தான் ரயில் நிற்கும், உனக்கே தெரியும். முதலில் வந்தவர் கை காட்டுவதுதான் மரியாதை, முதலில் வந்தவள் அவள். ரயில் வந்தது. அவள் காட்டவில்லை. நான் ஏன் காட்ட வேண்டும்? ஓட்டுநர் எங்கள் இருவரையும் பார்த்து, ஏதோ ரயில் பார்க்க வந்த கிழவிகள் என்று நினைத்து, உற்சாகமாகக் கையசைத்துவிட்டுப் போய்விட்டான். "பெரியவ நீ நிக்கறப்ப நான் எப்படிக் கை காட்டறது?" என்றாள் ஆலிவ். ஐந்து வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

அடுத்த ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது, மழையும் பிடித்துக்கொண்டது. மேடையில் கூரை கிடையாது. வேறு வழியில்லாமல்தான் அந்தப் பப்புக்குள் போனேன், அதை எழுதி வைத்துக்கொள். நான் கோட்டைக் கழற்றுவதற்குள் அவள் எனக்கு அரை கிளாஸ் ஆப்பிள் சைடர் வாங்கி வைத்துவிட்டாள். வாங்கிக் குடித்துவிட்டுத் திருப்பி வாங்கிக் கொடுக்காமல் எழுந்து போக நான் என்ன நாகரிகம் தெரியாதவளா? நான் வாங்கினேன், பிறகு அவள் வாங்கினாள். "கேப்டன்னு பேரு, கூடப் பொறந்தவளையே வெளிய ஒக்கார வச்சுட்டியே" என்றாள். அவள் தோள்பட்டை கெட்டிருந்தது, உட்கார வைத்தேன், அந்த முடிவு சரிதான் என்று நேற்றும் சொன்னேன். "அப்ப வா, பாத்துருவோம்" என்று பின்கட்டு ஆட்டக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். உருண்டையை எடுத்தாள், ரசல், இடது கையில். வலது கை இடுப்புக்கு மேல் போகவில்லை. ஐந்து வருஷமாக அப்படித்தான் ஆடுகிறாளாம். நானும் என் உருண்டையை எடுத்தேன். இரண்டு கட்டை வித்தியாசத்தில் நான்தான் ஜெயித்தேன், விட்டுக்கொடுத்தாளோ என்று சந்தேகம் இருக்கிறது, கேட்கவில்லை.

அடுத்த ரயிலுக்கு நான்தான் கை காட்டினேன். அவளால் வலது கையைத் தூக்க முடியாது என்பதால் மட்டும்.

நீ செய்தது தவறு, அதில் மாற்றமில்லை. இனி என்னைக் கேட்காமல் எனக்கு எதுவும் வாங்காதே. மரீசின் அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல். தலையை நன்றாகத் துவட்டு, உன் அப்பாவுக்கும் அந்தச் சளி மார்புதான். இருவரும் நீண்ட நாள் நன்றாக இருங்கள். கல்யாண விருந்தில் ஆலிவை என் மேஜையிலேயே போடு. என் இடது பக்கம் போடு, அந்தக் காது எனக்குக் கேட்பதில்லை. அதோடு, அவள் தட்டில் இருக்கும் கோழியைத் துண்டு போட்டுக் கொடுக்க யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

உன் மேல் கோபம் தீராத,
அம்மா
மேவிஸ் லஸ்கோம்