பழைய சுருளே போதும்

ஏப்ரல் 20
மே பதினைந்தில் வரும் சான் இசித்ரோ திருவிழாவுக்கு நூற்றிருபது லிட்டர் மெஸ்கல், கற்றாழைச் சாராயம், நானே வடித்துத் தருவதாகச் சொல்லிவிட்டேன். இருபது வருஷம் அடுத்தவர் சரக்கை வாங்கி விற்றவள். சொந்த வடிப்பு போன வருஷம்தான். விழாப் பொறுப்பாளர் எரிபெர்த்தோ சிரித்தார். "தோன்யா ஒத்தீலியா, அந்த அறுபது லிட்டர் பானைலயா? அது கஷாயம் காய்ச்சவே காணாதே!"
பெரிய பானை வாங்குகிறேன், பார்க்கட்டும்.

ஏப்ரல் 22
வஹாக்காவில் கன்னார் பிதென்சியோவின் பட்டறை. முந்நூறு லிட்டர் செம்புப் பானை. பழைய பானையை உருக்கும் செம்பு விலைக்கே அவரிடம் கொடுத்தேன். குளிர்தொட்டிக்குள் இறங்கும் சுருள் குழாயையும் மாற்றச் சொன்னார். "ஆவி அஞ்சு மடங்கு வரும், தோன்யா. இத்தனூண்டு குழாய் அதை எப்படிக் குளுத்திச் சரக்காக்கும்?" விற்கிறவன் அப்படித்தான் சொல்வான், நானே சொல்லியிருக்கிறேன். பழைய சுருளே போதும் என்று அடித்துப் பேசி விலையைக் குறைத்தேன்.

ஏப்ரல் 23
கற்றாழை முழுவதும் வெட்டியாயிற்று. என் கணவர் தாம் இறந்த வருஷத்தில் நட்டவை. பத்து வயது.

மே 5
கற்றாழையைச் சுட்டு நசுக்கிப் போட்ட ஆறு தொட்டியிலும் ஊறலின் நுரை அடங்கிவிட்டது. உடனே வடிக்க வேண்டும்; தள்ளிப்போட்டால் புளித்துக் காடிதான்.

மே 6
குழாய் முனையில் சொட்டு இல்லை — ஆவி! குளிர்தொட்டித் தண்ணீர் கொதிக்கிறது; மாற்றக் கிணற்றில் தண்ணீர் இல்லை. விறகை வெளியே இழுத்தால் ஒன்றும் வருவதில்லை, உள்ளே தள்ளினால் எல்லாம் காற்றோடு போகிறது. கொல்லை முழுக்க அந்த வாசனை. அவர் நட்டதெல்லாம் — என்னடி பண்ணி வச்சிருக்க, ஒத்தீலியா?

மே 7
ஒரு தொட்டி புளித்துவிட்டது. புதுச் சுருள் அடிக்கப் பத்து நாளாம். பிதென்சியோவின் காலில் விழாத குறை.
"என் பழைய பானை?"
"இன்னும் உருக்கல. நீங்க வருவீங்கன்னு தெரியும்."
அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

மே 10
மூன்று நாளாக அடுப்பு அணையவில்லை. கையெல்லாம் கொப்புளம். சின்னப் பானையால் தொட்டிகள் புளிப்பதை முந்த முடியவில்லை. நாலாவதும் போயிற்று.

மே 11
அழுதேன்.

மே 15
நாற்பது லிட்டர்தான். ஊர் பார்க்க எரிபெர்த்தோ தரம் சோதிக்கச் சுரைக்குடுவையில் ஊற்றி, நாணல் குழலால் உறிஞ்சித் திரும்பக் குடுவைக்குள்ளேயே விட்டார். முத்து முத்தாய்க் குமிழி விளிம்பில் கூடி, உடையாமல் நின்றது. "சரக்கு அசல்தான், தோன்யா. ஆனா பாதி ஊருக்கு வாசம் மட்டும்தானா?" எல்லோரும் சிரித்தார்கள். மீதியைப் பக்கத்து ஊரிலிருந்து வரவழைத்தார். அடுத்த வருஷ விழாச் சரக்கும் அவர்களுக்கே.

மே 19
காலையில் கற்றாழைக் கன்று நட்டேன். வெட்டப் பத்து வருஷம் ஆகும். பிறகு பட்டறைக்குப் போனேன். பெரிய சுருளுக்கு பிதென்சியோ ஒரு விலை சொல்லிவிட்டு, நான் பேரம் பேசக் காத்திருந்தார்.
"சரி" என்றேன்.