மேப்புல வெறும் எடம்

செவ்வாய், ராத்திரி, காத்திவாக்கம்

இன்னிக்கு மீனவர் சங்கத்துல வெள்ளை அறிக்கை படிச்சாங்க. நம்ம ஆத்தைப் பத்தி கவர்மெண்டு போட்டது. "இதுல இன்னா எழுதிக்கீதோ அதான் கணக்கு, எந்த ஆபீசரும் இத வச்சிதான் முடிவு பண்ணுவாரு"ன்னு தலைவர் சொன்னாரு.

கடைசிப் பக்கத்துல, விவரம் சொன்னவங்க லிஸ்டுல மோகனா பேரு. எல்லாரும் கை தட்டுனாங்க. எனக்கு வயிறு எரிஞ்சிச்சி. ரெண்டு பேரும் ஒரே ஆத்துல, சேத்துல கை வுட்டு இறால் தடவுறவங்கதான். என்னை யாரு கேட்டா?

"நீ சொன்னதையும் சேத்துதான்க்கா சொன்னேன்"னு மோகனா வந்து கையப் புடிச்சா. உருவிக்கினேன்.

அப்புறம் அந்த அறிக்கையில கீற மேப்பு காட்டுனாங்க. பாலத்துக்குக் கீழ இறால் கீதுன்னு பச்சை அடிச்சிருந்தாங்க. ஆத்தோரம் சேத்துல வேர் வுட்டு நிக்கிற கண்டல் செடி பக்கம் ஒண்ணும் இல்லையாம், வெறும் எடமாம். அங்க மண்ணு கொட்டி ரோடு போடலாமாம்.

நான் தெனம் கூடை ரொப்புறது அங்கதான். எடத்த எவளும் எவளுக்கும் சொல்ல மாட்டா. மோகனா கூடை என்னுத விட ரொம்பிடுமோன்னு, "அங்க ஒண்ணுமே இல்லடி"ன்னு அவகிட்ட நான்தான் சொல்லி வச்சேன்.

"எதுனா தப்பு இருந்தா இப்பவே சொல்லுங்க, அப்புறம் மாத்த முடியாது"ன்னாரு தலைவர். மோகனா என்னைப் பாத்தா. நான் வாயத் தொறந்தா எல்லாருக்கும் எடம் தெரிஞ்சிடும்.

"எல்லாம் கரெக்டா கீது"ன்னேன்.