பங்குனியில் மட்டும் காட்டுகிற மனை

இன்று காலை மனைக்கல்லுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்தது, கூடவே எரிச்சலும். உன்மேல் இல்லை, பயப்படாதே. அன்று நாம் விற்கப் பார்த்த அதே வயல்தான். பெயரை மாற்றி, வாசலில் ஒரு வளைவு கட்டி, மறுபடி விற்கிறார்கள்.

நாம் வேலை பார்த்த மில்லை மூடியதும் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் ரியல் எஸ்டேட்டில் குதித்தோமே. நாற்பதைத் தொட்ட இரண்டு தடியர்கள், இரவல் டை. உன் பெண்டாட்டி கட்டிவிட்ட முடிச்சை அவிழ்க்கப் பயந்து, வாரம் முழுக்கத் தலைவழியே மாட்டிக்கொண்டு திரிந்தேன். முதலாளி சொல்லிக்கொடுத்த வித்தை ஒன்றே ஒன்று: மனையைப் பங்குனி, சித்திரையில் மட்டும் காட்டு. வெடித்துக் கிடக்கும் வயலைப் பார்த்தால், ஐப்பசியில் அங்கே கெண்டை பிடிக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்?

கருக்களாச்சேரியிலிருந்து மீன் விற்கிற அக்கா வந்தார். கடலை விட்டுத் தள்ளி ஒரு வீடு வேண்டும். அதற்காகக் கழுத்தில் காதில் கிடந்ததையெல்லாம் விற்கத் தயார்.

"மழைக்குத் தண்ணி நிக்குமா தம்பி?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "ஐப்பசில கூட்டிட்டு வரேன்க்கா, பாத்துட்டு முடிவு பண்ணுங்க." முதலாளியின் முகம் போன போக்கு!

சொன்னபடி கூட்டியும் வந்தாய். அடைமழை. வண்டி பாதியில் நின்றுவிட, முட்டிக்கு மேல் தண்ணீரில் நான் உன்னைத் திட்டிக்கொண்டே தள்ளினேன். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "இதுக்கு எங்க வூட்டுப் படகே போதுமேடா, படுபாவிங்களா!" என்று சிரித்தார். அவர் நகை தப்பியது. உன் வேலை போனது.

"பெரிய யோக்கியனாடா நீ?" என்றேன்.

"யோக்கியனுமில்ல, வெங்காயமுமில்ல. அவங்க தெனம் நம்ம தெருவுலதாண்டா மீன் விக்கிறாங்க. இத்தனூண்டு ஊரு, எந்தப் பக்கம் திரும்புனாலும் ஸ்டேட் பார்டரு. ஏமாத்திட்டு எங்கடா ஒளியறது?"

அப்புறம் நீ திருமலைராயன்பட்டினத்தில் ஒரு கடையில் சேர்ந்தாய், சர்க்கரை முற்றி, செத்தும் போனாய். நான் இங்கேயே ஒட்டிக்கொண்டு, இப்போது சீனியர். தூ.

இன்று வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பெண், அவள் புருஷன். "சார், மழைக்குத் தண்ணி நிக்குங்களா?" பக்கத்திலேயே முதலாளி. நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன்: வராத போனைக் காதில் வைத்து, "ஹலோ, சொல்லுங்க" என்று வரப்போரம் ஒதுங்கினேன். உன்னிடமிருந்து எனக்கு ஒட்டியது இந்தப் பாதிதான். பொய் சொல்ல நாக்கு எழாது. உண்மையைச் சொல்லத் தைரியமும் வராது.

இன்று அந்தப் போனில் உன்னோடுதான் பேசினேன். "நிக்கும்டா, இடுப்பளவு நிக்கும்!" என்று அவர்கள் காதில் விழட்டுமென்றே கத்தினேன். கடல்காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. திரும்பி வந்தபோது அட்வான்ஸ் கைமாறியிருந்தது.

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இங்க நல்லா காத்து வருதுங்க, இல்ல?"