கிராம்பு எண்ணெய்ச் சான்று

செவ்வாய்க் குடியிருப்பு, கோழிக்கூடம்

நாள் 212, காலை 06:10
இதைக் கண்டெடுப்பவர் அறிய: நான் ஞானவரதன், சட்ட அலுவலர். இங்குக் கோழிகளுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தருவது விதிப்படி குற்றம். குடிநீர் மறுசுழற்சியில் வருவதால் மருந்து அதில் கலந்துவிடும். ஆகவே குடல்நோய் தடுக்கத் தீவனத்தில் கிராம்பு எண்ணெய் சேர்க்கிறோம். எண்ணெய் அளவுமானி பழுதானபின் நான் வகுத்த மாற்றுவிதி: அலுவலர் தீவனத்தை வாயிலிட்டுப் பார்க்க வேண்டும், நாக்கு மரத்தால் எண்ணெய் உண்டு. இன்று மரத்தது. சான்றளித்தேன்.

நாள் 219, 07:02
கூடத்தினுள் தங்கிப் பணிபுரியும் கால்நடை மருத்துவர் மலர்க்கொடி, நாமக்கல்காரர், திரையில் வந்தார்.
"ஏனுங்க சார், எச்சம் தண்ணியாப் போகுதுங்க. தீவனத்துல எண்ணெய் இருக்குதுங்களா?"
மீண்டும் சுவைத்தேன். மரத்தது. சான்றளித்தேன்.
"சரிங்க. உங்க நாக்கு சொன்னா கோர்ட்டு சொன்ன மாதிரிங்க."

நாள் 223, 18:40
பாதிக் கோழிகள் இறந்தன. முட்டை இல்லை. சரக்குக் கலம் வர ஏழு மாதம் உள்ளது. அதுவரை குடியிருப்பில் உள்ள பதினொரு பேருக்கும் வேறு புரதம் கிடையாது. மலர்க்கொடி நோய்க்கிருமி மாறிவிட்டதோ என்று ஐயுறுகிறார். தீவனம் குறித்து ஐயத்திற்கு இடமில்லை எனப் பதிலளித்தேன்.

நாள் 224, 05:55
"சார், மனசு கேக்காம நானே ஒரு வாய் அள்ளிப் போட்டுப் பாத்தனுங்க. வெறுந்தவுடுங்க. கிராம்பு வாசமே இல்லீங்க."

06:20
பச்சைமிளகாய் ஒன்றை மென்றேன். இன்னொன்றையும். எதுவும் தெரியவில்லை.
பலமாதச் சோதனையில் நாக்கு நிரந்தரமாக மரத்திருக்கிறது. காலனிக் கஞ்சி சுவையற்றது என்றே இதுவரை கருதியிருந்தேன்.

06:50
எண்ணெய்க் கலனைத் திறந்தேன். ஏறக்குறைய நிறைந்திருந்தது. சொட்டுக்குழாயில் பிசின் அடைத்திருக்கிறது. கலனைப் பார்க்கவேண்டும் என்று என் விதியில் இல்லை. நானும் பார்க்கவில்லை.

நாள் 226, 11:15
குழாயைச் சீர்செய்து எண்ணெய் கலந்த தீவனம் அனுப்பினேன். மீதமிருந்தவை தலையைத் தொங்கவிட்டு நின்றன. கொத்தவில்லை.

நாள் 227
நேரம் குறிக்கவில்லை.
"கடைசிக் கோழியும் போயிருச்சுங்க சார்."
நான் கையொப்பமிட்ட சான்றுகள் அனைத்தும் செல்லாதவை என இதனால் அறிவிக்கிறேன். யாருக்கு அறிவிக்கிறேன் என்பது...
"சார். கேக்குதுங்களா? ஏதாச்சும் பேசுங்க."
முதல் சான்றின்மேல் கோடு அடித்தேன்.
"அழுகறீங்களா சார்?"
இல்லை என்றே சொல்ல இருந்தேன். கன்னத்தைத் தொட்டேன். ஈரம் இருந்தது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
உப்புத் தெரியவில்லை.