முதல் அங்கத்தின் சதிகாரர்கள்

ஜூலை 3, வியாழன்

தேங்காய் உரிக்கிற ஆள் இன்றும் வரவில்லை. மதியம் உதய் போன் செய்தான். எங்கள் கிணத்துக்கடவுக்கென்று ஒரு வார இதழ் நடத்துகிறான். ஆசிரியர், போட்டோகிராபர், விளம்பரம் பிடிப்பவர் எல்லாம் அவன்தான்.

"அக்கா, கோயில் விசேஷமா எழுதிட்டிருக்கீங்க. ஞாயித்துக்கிழமை மன்றத்துல நாடகமுங்க. ஒரு விமர்சனம் குடுங்க."

ஐரோப்பாவின் பழைய துன்பியல் நாடகம் ஒன்று. மன்னனை அவன் நண்பர்களே சதி செய்து கொல்கிறார்கள். மொத்த வசனத்தையும் ஒரே நாளில் ஒப்பிக்க எங்கள் ஆட்களால் ஆகாது என்பதால் ஞாயிறுக்கு ஓர் அங்கம். முதல் அங்கம் எடுபடாவிட்டால் அடுத்த வாரம் ஒருவரும் வரமாட்டார்கள்.

மன்னர், எண்ணெய் மில் அரங்கசாமி அண்ணன். நாடகம், விளையாட்டு, கல்யாணம் எல்லாம் நடக்கும் எங்கள் ஊர் மன்றத்துக்கு, நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர்தான் தலைவர். சதிகாரர்கள் இருவர். ஒருவர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் கிருபாசங்கர். இன்னொருவர் எங்கள் வீட்டுக்காரர்.

புருஷன் நடிப்பதைப் பெண்டாட்டி விமர்சிக்கலாமா? உதயிடமே கேட்டேன். "அப்பத்தானுங்க்கா விக்கும்" என்றான்.

ஜூலை 5, சனி

குளியலறையிலிருந்து இவர் குரல்: "அவன் நிழலில் நம் பயிர் எதுவும் விளையாது!" சொட்டுநீர்க் குழாய் விற்கிறவருக்கு வசனம் பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது. வெந்நீர்தான் வீணாகிறது.

ஜூலை 6, ஞாயிறு

சாரல். ஆனாலும் பாதி நாற்காலி நிறைந்தது.

போரில் வென்று திரும்பிய மன்னர் மக்களைப் பார்த்துக் கையசைத்தார். அதே மூச்சில் மைக்கில், "வாசல்ல நிக்கற வெள்ளை வண்டியக் கொஞ்சம் ஓரமா எடுங்கப்பா" என்றார். கிரீடம் அடிக்கடி கண்ணை மறைத்தது. அதை ஏற்றி விடுவதிலேயே பாதி வசனம் போயிற்று.

ஆனால் அந்தச் சதிக் காட்சி! இவரும் கிருபாசங்கரும் மேடை ஓரம் ஒதுங்கிக் குசுகுசுவென்று பேசினார்கள். ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. கை அசைவும், பக்கவாட்டுப் பார்வையும், மன்னர் கிட்டே வந்ததும் சட்டென்று வாயை மூடியதும் — எனக்கு மயிர் கூச்செறிந்தது. எங்கள் கல்யாண வீடியோவில் சிரிக்கத் தெரியாமல் நின்ற மனிதர் இவர். இந்த நடிப்பு எங்கிருந்து வந்தது?

ஜூலை 7, திங்கள்

எழுதி அனுப்பிவிட்டேன். எனக்கே பிடித்த பத்தி இது:

'சதிகாரர்கள் மன்னரைப் பார்க்கும் பார்வையில் நடிப்பின் சாயலே இல்லை. நிஜமாகவே ஒருவரைக் கவிழ்க்கத் திட்டம் போடுகிறார்கள் என்றே தோன்றுகிறது. இத்தனை நடந்தும் மன்னருக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை என்பதுதான் நம்பும்படியாக இல்லை.'

ஜூலை 11, வெள்ளி

இதழ் வந்தது. படித்துக்கொண்டே தோசை தின்றவர் தோசையை அப்படியே வைத்துவிட்டார்.

"என்ன பிரவீனா, இப்படி எழுதிப்போட்டே!"

"பாராட்டித்தானுங்களே எழுதியிருக்கேன்?"

"அதுதான் வினையே!"

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. இருபதாம் தேதி பொதுக்குழு. அரங்கசாமி அண்ணனை இறக்கிவிட்டுக் கிருபாசங்கரைத் தலைவராக்க இவர்கள் திட்டம்.

"பேட்மின்டன் கோர்ட்டு போடலாம்னா, அந்த இடம் பூரா எண்ணெய் டின்னு அடுக்கி வெச்சிருக்காரு. கேட்டாக் கத்தறாரு. வெளிய நின்னு பேசுனா யாராச்சும் பாத்துருவாங்க. அதான்... மேடையிலயே பேசி முடிச்சுட்டோம்."

மேடையிலேயே! அத்தனை பேருக்கு முன்னால்! நான் வேறு அதைக் கலை என்று நினைத்து, கடவுளே, வரிக்கு வரி புகழ்ந்து தொலைத்திருக்கிறேன்.

சாயந்திரம் பங்காரம்மா அக்கா போன் செய்தார். அரங்கசாமி அண்ணன் சம்சாரம். "நல்லா எழுதியிருக்கற அம்மணி. இவரு திரும்பத் திரும்பப் படிச்சாரு. மத்தியானம் சோறே உங்கல."

போனை வைத்துவிட்டு நானும் அந்தப் பத்தியைத் திரும்பப் படித்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

இரண்டாம் அங்கம். கொலைக் காட்சி. நிற்கக்கூட இடமில்லை. என் விமர்சனத்தால் வந்த கூட்டமாம். உதய்க்கு வாயெல்லாம் பல்.

இருவரும் அட்டைக் கத்தியோடு நெருங்கினார்கள். குத்தினார்கள். மன்னர் விழவில்லை. கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இவரையே பார்த்தார்.

"ஏனப்பா சரவணா, நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே எறங்கியிருப்பனே."

நாடக வசனம் என்று நினைத்துக் கூட்டம் விசிலடித்தது. இவர் கையிலிருந்த கத்தி நழுவி விழுந்தது. கண்ணில் நீர் கோத்துவிட்டது. கிருபாசங்கர் திரைக்குப் பின்னால் போய்விட்டார். அண்ணன் பட்டு அங்கி கசங்காமல் மெதுவாகப் படுத்து, கண்ணை மூடினார்.

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

ஜூலை 14, திங்கள்

இவர் சரியாகச் சாப்பிடவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

ஜூலை 16, புதன்

மனசு கேட்கவில்லை. மில்லுக்கே போய்விட்டேன்.

"அண்ணா, சத்தியமா எனக்கு எதுவும் தெரியாதுங்க. நாடகத்தைப் பத்தித்தான் எழுதுனேன்."

"தெரியாம எழுதுனதுனாலதான் கண்ணு நானும் நம்புனேன்." எழுந்து போய்ச் செக்கை நிறுத்திவிட்டு வந்தார். "நான் அத்தனை மோசமாவா நடந்துக்கிட்டேன்?"

இல்லை என்று சொல்லத்தான் போனேன். வாய் வேறு சொன்னது. "அந்த டின்னையெல்லாம் எடுத்திருக்கலாமுங்கண்ணா."

"அது ஒண்ணுதானா?"

"சத்தமும் கொஞ்சம் ஜாஸ்திங்க."

மில்லே அதிரும்படி சிரித்தார். அந்தச் சத்தத்தைத்தான் சொன்னேன்.

ஜூலை 20, ஞாயிறு

மூன்றாம் அங்கம் இல்லை. மன்னர் செத்தாயிற்று, சதிகாரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பொதுக்குழு மட்டும் நடந்தது.

அண்ணன் எழுந்து, "எனக்குப் போதுமுங்க" என்று சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். கிருபாசங்கரைக் கூப்பிட்டார்கள். அவருக்கு முழங்கால் வலியாம். நேற்றுவரை இல்லாத வலி. எல்லோர் பார்வையும் இவர் மேல் திரும்பியது. இவர் தரையைப் பார்த்தார். தரையில் ஒன்றும் இல்லை.

அப்படித்தான் எங்கள் வீட்டுக்காரர் மன்றத் தலைவரானார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையிலேயே இவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மன்றத்தில் கல்யாண வரவேற்பு. தொட்டியில் தண்ணீர் ஏறவில்லையாம். போன வாரம் ஜெனரேட்டர். அதற்கு முன் நாற்காலிச் சண்டை.

பதினொரு மணிக்கு வாசலில் கார் சத்தம். பங்காரம்மா அக்காவும் அண்ணனும். "ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இருக்கறதே எனக்கு இப்பத்தான் தெரியுது கண்ணு. வா, ஆழியாறு போய் மீன் சாப்புட்டு வரலாம்" என்றார் அண்ணன். இவரையும் கூப்பிடத்தான் வந்தார்களாம். இவர் எங்கே இருக்கிறார்!

அணைக்குப் பக்கத்துக் கடையில் வறுத்த மீன் வந்த நேரம் இவர் போன்.

"எங்க இருக்க?"

"ஆழியாறுலீங்க. அண்ணனோட."

அந்தப் பக்கம் யாரோ, 'தலைவரே, தண்ணி!' என்று கத்தினார்கள். "...அண்ணன்கிட்டப் போனைக் குடேன்."

அண்ணன் இடது கையால் வாங்கிக் காதில் வைத்தார். பொறுமையாகக் கேட்டார். கத்தவே இல்லை. "மோட்டார் ரூமுக்குப் பின்னால ஒரு வால்வு இருக்குது பாரு. பச்சைப் பெயின்ட் அடிச்சது. பாதிதான் தெறக்கோணும்... ஆமா, பாதி... ஏறுதா? சரிங்க தலைவரே."

போனை என்னிடம் தந்துவிட்டு, கடைக்காரரிடம் இன்னொரு மீன் சொன்னார்.